மஞ்சள் பட்டை

பிப்ரவரி 2

இந்த நோட்டு இன்று சேலத்தில் கொடுத்தது. தோல் அட்டை, உள்ளே பட்டு நாடா. தலைமைப் பயிற்சி என்ற பெயரில் ஒரு ஹோட்டலில் இருபத்திரண்டு பேரை வட்டமாக உட்கார வைத்தார்கள். பெங்களூரிலிருந்து வந்த பயிற்சியாளர் தினமும் ஐந்து நிமிடம் இதில் எழுதச் சொன்னார். மனத்தில் இருப்பதை அப்படியே எழுத வேண்டுமாம், யாரும் படிக்க மாட்டார்களாம். யாரும் படிக்காததை எதற்காக எழுத வேண்டும் என்று கேட்க நினைத்தேன். சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டதால் கேட்கவில்லை.

எழுதச் சொன்னால் எழுதுகிறவள் நான். முப்பத்திரண்டு வருஷம் வார்டு ரிப்போர்ட் எழுதிய கை இது.

நிலவரம் இதுதான். ஈரோட்டில் எங்கள் கொங்குமலர் மருத்துவமனை, நூற்று அறுபது படுக்கை. டாக்டர் சென்னியப்பன் ஆரம்பித்தது. அவருக்கு எழுபத்தொன்று ஆகிறது, பிள்ளைகள் இரண்டு பேரும் அமெரிக்காவில். போன தீபாவளியோடு சேலத்துத் தீர்க்கா குழுமத்திடம் ஒப்படைத்துவிட்டார். விற்றார் என்று சொல்லக் கூடாது, இணைப்பு என்று சொல்ல வேண்டும் என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார்கள். இங்கே நர்சிங் சூப்பரிண்டெண்ட் நான், வசந்தகோகிலம், வயது ஐம்பத்தாறு. அங்கே சேலம் மருத்துவமனையில் அதே பொறுப்பில் ஷைலஜா, வயது நாற்பத்தொன்று, எம்.எஸ்சி. இனி இரண்டு ஊருக்கும் சேர்த்து ஒரே நர்சிங் இயக்குநர். மார்ச்சில் பெயரை அறிவிப்பார்கள். எனக்கு அந்தப் பதவியில் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. ஷைலஜாவுக்குக் கீழே வேலை பார்க்க முடியாது, அவ்வளவுதான்.

ஆளுக்கொரு இணைப்புப் பணி கொடுத்தார்கள். நோயாளிகளின் கையில் கட்டும் பட்டைகளின் நிறத்தை இரண்டு ஊருக்கும் ஒன்றாக்குவது என் பணி. சின்ன வேலை. ஷைலஜாவுக்குக் கம்ப்யூட்டர் பதிவுமுறை முழுவதையும் கொடுத்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 3

கிரைண்டர் பெல்ட் அறுந்துவிட்டது. கடை மாவு வாங்கினோம். புளிக்கவே இல்லை.

பிப்ரவரி 6

ஷைலஜாவோடு போனில் முக்கால் மணி நேரம்.

எங்களிடம் சிவப்புப் பட்டை என்றால் அந்த நோயாளிக்கு ஏதோ ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாது என்று பொருள். மஞ்சள் என்றால் தடுமாறிக் கீழே விழக்கூடியவர், கட்டிலின் பக்கக் கம்பியை உயர்த்தி வைக்க வேண்டும். சேலத்தில் இதற்கு நேர் தலைகீழ். அங்கே மஞ்சள்தான் மருந்து ஒவ்வாமை, சிவப்பு விழக்கூடியவர். யார் எந்தக் காலத்தில் அப்படி வைத்தார்களோ தெரியாது.

"மேடம், எங்க முன்னூறு பெட்லயும் இது பழகிப்போச்சு. நீங்க நூத்தி அறுபதுதானே, நீங்க மாத்திக்கிட்டா சுலபமா முடிஞ்சிடும்" என்றாள்.

"சிவப்புன்னா ஆபத்துன்னு ரோட்டுல போற யாரைக் கேட்டாலும் தெரியுமே ஷைலஜா."

"கீழ விழுறதும் ஆபத்துதானே மேடம்."

மரியாதையாகத்தான் பேசுகிறாள். ஒவ்வொரு வாக்கியத்திலும் இரண்டு மேடம். மேடம் என்று அழைத்துக்கொண்டே ஆளை ஓரம் கட்டும் கலை இந்தக் காலத்துப் பெண்களுக்கு நன்றாக வருகிறது. எதையும் முடிவு செய்யாமல் வைத்துவிட்டோம்.

பிப்ரவரி 10

புது உத்தரவு. திறமைப் பரிமாற்றமாம். ஒவ்வொரு மருத்துவமனையும் தன்னிடம் உள்ள மிகச் சிறந்த நர்ஸ் இருவரை ஆறு மாதத்துக்கு மற்ற ஊருக்கு அனுப்ப வேண்டும். இப்படிக் கேட்டால் எந்த மருத்துவமனையும் செய்வது ஒன்றுதான், யார் போனால் நிம்மதியோ அவர்களைப் பார்த்து அனுப்பிவிடும். நான் அப்படிச் செய்யப் போவதில்லை. நிரோஷாவை அனுப்புகிறேன். ஈரோட்டு நர்ஸ் எப்படி இருப்பாள் என்று சேலம் பார்க்கட்டும்.

நிரோஷாவுக்கு இருபத்தொன்பது வயது, அந்தியூர்ப் பெண். ஏழு வருஷமாக என்னிடம் இருக்கிறாள். தீவிர சிகிச்சைப் பிரிவில் இவள் ஷிஃப்ட் என்றால் டாக்டர்கள் நிம்மதியாகச் சாப்பிடப் போவார்கள். ஒரு சுற்றறிக்கை போட்டால் அதை முதல் நாளிலிருந்தே கடைப்பிடிக்கிறவள் இவள் ஒருத்திதான். மற்றவர்களுக்கு மூன்று தடவை ஞாபகப்படுத்த வேண்டும்.

கூப்பிட்டுச் சொன்னேன். தயங்கினாள்.

"ஆறு மாசமுங்களா மேடம்? பாப்பா ஒண்ணாவது படிக்குதுங்க. அவங்கப்பாவும் திருப்பூர்ல இருக்கறாரு. அம்மா வீட்டுலதான் உட்டுட்டுப் போகோணும்."

"ஆறு மாசம் முடிஞ்சு வந்தா ஐ.சி.யூ இன்சார்ஜ் நீதான். நான் சொல்றேன்."

"நீங்க சொன்னாச் சரிங்க மேடம்."

தலையாட்டிவிட்டு வார்டுக்குத் திரும்பினாள். கூடவே அனுப்ப இன்னொருத்தியையும் குறித்தாயிற்று, அவளைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 13

ஷைலஜாவிடமிருந்து மெயில். "மேடம், யோசித்துப் பார்த்தேன். உங்கள் நிறங்களே இரண்டு இடத்திலும் இருக்கட்டும். சுற்றறிக்கை வந்த அன்றே இங்கே மாற்றிவிடுகிறேன்." மூன்று தடவை படித்தேன். வீட்டில் இவரிடம் காட்டினேன்.

"அதென்னம்மிணி, வளையல் கலருக்கு இத்தனை சந்தோசம்?" என்றார். மின்வாரியத்தில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவருக்கு ஒரு அலுவலகத்தில் ஜெயிப்பது என்றால் என்னவென்று தெரியாதா? தெரிந்துகொண்டே கேட்கிறார்.

பிப்ரவரி 14

நிறப் பட்டியல் தயார். நிரோஷா கணக்காகத் தட்டச்சு செய்வாள் என்பதால் என் அறையிலேயே உட்கார வைத்து அடிக்கச் சொன்னேன். "14.02 முதல் இரு மருத்துவமனைகளிலும் அமலுக்கு வருகிறது. சிவப்பு: மருந்து ஒவ்வாமை. மஞ்சள்: கீழே விழும் அபாயம்." ஒரு பக்கம்தான். அச்செடுத்துக் கொடுத்துவிட்டு, "சேலத்துலயும் இனி நம்மளுதுதானுங்களா? நல்லதாப் போச்சு, எனக்குக் குழப்பம் இல்லை" என்று சிரித்தாள்.

அவள் போனதும் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தேன். பிறகு வேண்டாம் என்று தோன்றியது. இப்போது அனுப்பினால் மனிதவளப் பிரிவு ஸ்ரீவத்சன் அதைத் தன் மெயிலில் இருந்து எல்லோருக்கும் அனுப்பிவிடுவார். யார் செய்த வேலை என்று ஒரு ஆளுக்கும் தெரியாது. 28ஆம் தேதி குழுமத் தலைவர் பரந்தாமன் ஈரோட்டுக்கு வருகிறார். அன்றைக்குப் பட்டியலை லேமினேட் செய்து, மாதிரிப் பட்டைகளோடு அவர் கையால் வெளியிடச் செய்தால் முறையாக இருக்கும். இத்தனை வருஷம் இருந்த நிறம் இன்னும் பதினான்கு நாள் இருந்தால் ஒன்றும் ஆகிவிடாது. இழுப்பறையில் வைத்தேன்.

பிப்ரவரி 16

நிரோஷா காலையில் வந்து சொல்லிக்கொண்டு போனாள். ஒரு டிராவல் பேக், ஒரு குடை. முதல் வாரம் கம்ப்யூட்டர் பயிற்சி, அதன் பிறகுதான் வார்டு என்றாள்.

பிப்ரவரி 19

சேலத்திலிருந்து இரண்டு ரத்தினங்கள் முந்தாநாள் வந்து சேர்ந்தார்கள். ஒருத்தி வந்த மறுநாளே காய்ச்சல் என்று ஊருக்குப் போய்விட்டாள். இன்னொருத்திக்கு நரம்பில் ஊசி குத்த வரவில்லை, நோயாளியிடம் மன்னிப்புக் கேட்க மட்டும் நன்றாக வருகிறது. ஷைலஜா திறமையை எப்படிப் பரிமாறுகிறாள் என்று தெரிந்தது.

ஸ்ரீவத்சன் போன் செய்து நிறப் பட்டியல் என்ன ஆயிற்று என்றார். போய்க்கொண்டிருக்கிறது என்றேன்.

பிப்ரவரி 21

நாலு கிலோ புளி வாங்கி வெயிலில் போட்டுக் கொட்டை எடுத்தேன். விரலெல்லாம் எரிகிறது.

பிப்ரவரி 24

மாலை நாலரைக்கு ஷைலஜா கூப்பிட்டாள். மேடம் என்று சொல்லவில்லை. "உங்க நிரோஷா அலர்ஜி பேஷண்டுக்கு ஊசி போட்டுட்டா" என்றாள்.

நோயாளி வெண்டிலேட்டரில் இருக்கிறாராம்.

பிப்ரவரி 25

காலையிலேயே சேலத்துக்குப் போய் வந்தேன். நடந்ததை ரிப்போர்ட் மாதிரியே எழுதிவிடுகிறேன், அதுதான் எனக்கு வரும்.

நோயாளி பழனியம்மாள், அறுபத்து மூன்று வயது, எடப்பாடியில் தறி ஓட்டுகிறவர். காலில் புண், கடுங்காய்ச்சல். பென்சிலின் வகை மருந்து எதுவும் ஒத்துக்கொள்ளாது என்று சேர்க்கும்போதே மகன் சொல்லியிருக்கிறான். கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள், கையில் மஞ்சள் பட்டையும் கட்டியிருக்கிறார்கள். மதியம் இன்ஷூரன்ஸ் அனுமதிக்காகக் கேஸ் ஷீட் கீழே கவுண்டருக்குப் போய்விட்டது. வேறு நோயாளிகளின் அவசரத்தில் இருந்த டாக்டர், தனித் தாளில் ஊசியை எழுதிக் கொடுத்துவிட்டார். நிரோஷாவுக்கு வார்டில் அது இரண்டாவது நாள்.

அவள் பட்டையைப் பார்த்திருக்கிறாள். பார்க்காமல் போடுகிறவள் இல்லை. மஞ்சள் என்று கண்டதும் கட்டிலின் இரண்டு பக்கக் கம்பிகளையும் உயர்த்திப் பூட்டி, அழைப்பு மணியை அந்த அம்மாள் கைக்கு எட்டும்படி வைத்து, அதற்குப் பிறகு ஊசி போட்டிருக்கிறாள்.

ஏழு நிமிடத்தில் மூச்சு அடைத்துவிட்டது. என்ன நடக்கிறது என்று முதலில் புரிந்துகொண்டதும் அவள்தான். டாக்டர் ஓடி வருவதற்குள் அட்ரினலின் கொடுத்துவிட்டாள். அந்த ஒரு நிமிடத்தில்தான் உயிர் தங்கியது என்று அங்கிருந்த டியூட்டி டாக்டர் என்னிடம் சொன்னார்.

ஈரோட்டுக்குத் திரும்பி வந்து இழுப்பறையைத் திறந்தேன். தாள் அப்படியே இருக்கிறது, 14ஆம் தேதி போட்டு. இப்போது கையெழுத்திட்டு அனுப்பிவிட்டால், சுற்றறிக்கை பத்து நாள் முன்பே வந்தும் சேலத்தில் நடைமுறைப்படுத்தவில்லை என்று ஆகிவிடும். ஷைலஜா தலையில் விடியும். அந்த எண்ணம் வந்தது என்பதை எழுதிவைக்கிறேன். வந்த வேகத்தில் தள்ளிவிட்டேன் என்பதையும் எழுதிவைக்கிறேன். அந்த மாதிரி கீழ்த்தரமான வேலை நான் எந்தக் காலத்திலும் செய்ததில்லை. இழுப்பறையைப் பூட்டினேன்.

பிப்ரவரி 26

நிரோஷா போன் செய்தாள். வார்டுக்கு வர வேண்டாம் என்று ஹாஸ்டலிலேயே உட்கார வைத்திருக்கிறார்கள்.

"சாப்பிட்டியா?" என்றேன்.

"ஆச்சுங்க மேடம். மேடம், இங்க மஞ்சள்னா இன்னும் அலர்ஜின்னுதான் சொல்றாங்க. நம்ம சர்குலர் வந்துச்சுங்களேன்னா, அப்படி ஒண்ணு வரவே இல்லீங்கறாங்க. மெயில்ல எங்கியோ நின்னுபோச்சாட்ட இருக்குதுங்க. விசாரணைக்கு வாறப்ப ஒரு காப்பி மட்டும் எடுத்துட்டு வந்துருங்க மேடம். மத்ததெல்லாம் நானே சொல்லிக்கறனுங்க."

"பாக்கலாம். நீ பயப்படாதே."

"நீங்க வர்றீங்கல்ல, எனக்கென்னங்க பயம்."

வைத்துவிட்டேன். கேஸ் சிலிண்டர் பதிவு செய்ய வேண்டியிருந்தது, அதையும் செய்தேன்.

பிப்ரவரி 27

வெயில் இப்போதே இப்படி. தூக்கம் இல்லை.

பிப்ரவரி 28

தலைவர் வந்தார். நிறப் பட்டியலை நிகழ்ச்சி நிரலிலிருந்து எடுத்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை. பழனியம்மாளுக்கு வெண்டிலேட்டரை எடுத்துவிட்டார்கள், கண் திறந்து மகனோடு பேசினார் என்ற செய்தி வந்தபோது அறையே மூச்சு விட்டது. எனக்கும்தான். உண்மையான மகிழ்ச்சி அது, வேறு கணக்கு எதுவும் அதில் இல்லை.

கூட்டம் முடிந்து ஷைலஜா என் அறைக்கு வந்தாள். காபி வரவழைத்தேன்.

"மேடம், பதிமூணாம் தேதி நான் ஒரு மெயில் அனுப்பினேன்" என்றாள்.

"வந்துச்சு."

அவள் காபியை ஆற்றிக்கொண்டே இருந்தாள். "எங்க பக்கமும் கொஞ்சம் அவசரமாயிடுச்சு. புதுசா வர்றவங்களுக்கு ரெண்டு நாள் ஓரியண்டேஷன் நடத்தணும். ஆள் பத்தலைன்னு அரை நாள்ல முடிச்சு கையெழுத்து வாங்கிட்டோம். கலர் விஷயம் ஒன்பதாம் பக்கத்துல இருக்கு. யாரும் படிச்சிருக்க மாட்டாங்க."

"ம்."

"ரெண்டையும் கிளற வேண்டாம்னு தோணுது மேடம்."

பிஸ்கட் தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன். எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லாமல் முடிந்த முதல் சந்திப்பு இதுதான்.

மார்ச் 4

விசாரணை. சேலம், மூன்றாவது மாடி, ஏ.சி. அதிகம். விசாரணைக் குழுவுக்குத் தலைவர் நான், உறுப்பினர்கள் ஷைலஜா, ஸ்ரீவத்சன், ஒரு மூத்த மருத்துவர்.

நிரோஷா வெள்ளைச் சீருடையில் வந்தாள். சீருடை அவசியம் இல்லை, சாதாரண உடையில் வரலாம் என்றுதான் சொல்லியிருந்தார்கள். அயர்ன் செய்திருந்தாள்.

பட்டையைப் பார்த்தீர்களா என்று மருத்துவர் கேட்டார். பார்த்தேன் என்றாள். மஞ்சளுக்கு என்ன பொருள் என்று நினைத்தீர்கள் என்றார். கீழே விழக்கூடியவர் என்றாள்.

"ஒன்பதாம் பக்கத்தில் அலர்ஜின்னு இருக்கு. படிச்சேன், புரிஞ்சுதுன்னு சைன் பண்ணியிருக்கீங்க" என்றார் ஸ்ரீவத்சன்.

"ஆமாங்க சார். ஆனா அது பழசுங்க. பதினாலாந்தேதி புது சர்குலர் வந்துருச்சுங்களே, அதுபடி..."

"எந்த சர்குலர்?"

அவள் என்னைப் பார்த்தாள். மேசையில் என் முன்னால் இருந்த ஃபைலையும் பார்த்தாள். ஸ்ரீவத்சனும் என் பக்கம் திரும்பினார். "மேடம், காமன் கலர் லிஸ்ட் எந்த ஸ்டேஜ்ல இருக்கு?"

"தயாரிப்பில் இருக்கிறது" என்றேன்.

ஷைலஜா தன் தாள்களை அடுக்கினாள். நிரோஷா ஃபைலிலிருந்து கண்ணை எடுத்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. ஒரு கூட்டல் கணக்கைப் போட்டுப் பார்க்கிறவளைப் போலத்தான் இருந்தாள். பிறகு, "நான்தான் தப்பா நினைச்சுக்கிட்டனுங்க சார்" என்றாள்.

வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்று குழுத் தலைவர் என்ற முறையில் நான் கேட்டேன்.

"இல்லீங்க மேடம்."

அட்ரினலின் கொடுத்தது பற்றி அறிக்கையில் சேர்க்கலாமா என்று மூத்த மருத்துவர் கேட்டார். அது விசாரணை வரம்புக்குள் வராது என்றார் ஸ்ரீவத்சன். ஒப்புக்கொண்டோம்.

திரும்பும் வழியில் சங்ககிரிக்குப் பக்கத்தில் காரை நிறுத்தச் சொல்லி இளநீர் குடித்தேன்.

மார்ச் 5

நீக்கினால் பின்னால் கஷ்டம், நீயே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடு என்று நிரோஷாவிடம் சொல்லியிருக்கிறார்கள். எழுதிக் கொடுத்துவிட்டாள். அவளுடைய நல்லதற்குத்தான். அவளுக்குத் திறமை இருக்கிறது, எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வாள்.

கணக்கு முடிக்க ஈரோட்டு அலுவலகத்துக்கு வந்தாளாம். என் அறைப் பக்கம் வரவில்லை. நான் அப்போது ரவுண்ட்ஸில் இருந்தேன். வழக்கமாக ரவுண்ட்ஸ் பத்தரைக்கு முடியும், இன்று பன்னிரண்டு ஆகிவிட்டது.

மார்ச் 9

நர்சிங் இயக்குநர்: எஸ். வசந்தகோகிலம். மின்னஞ்சல் காலை பத்துக்கு வந்தது.

தலைவரே போனில் பேசினார். "உங்க ஸ்டாஃப்னு பார்க்காம நியூட்ரலா நடந்துக்கிட்டீங்க மேடம். இந்த மாதிரி இணைப்பு நேரத்துல எங்களுக்கு அந்தத் தலைமைதான் வேணும்." நன்றி சொன்னேன். ஷைலஜாவுக்குப் புதிய பதிவுமுறையின் முழுப் பொறுப்பும், கூடவே சம்பள உயர்வும். அவளும் போன் செய்து வாழ்த்தினாள்.

இவர் அல்வா வாங்கி வந்தார். "அந்தப் புள்ள என்னம்மிணி ஆச்சு?" என்றார். ராஜினாமா செய்துவிட்டாள் என்றேன். "அடடா" என்று மட்டும் சொன்னார். அல்வாவை ஃப்ரிட்ஜில் வைத்தேன்.

மார்ச் 10

இயக்குநராக என் முதல் உத்தரவு, பட்டை நிறங்கள். புதிதாகத் தட்டச்சு செய்ய வைத்தேன். தேதி மார்ச் 10. கையெழுத்திட்டு இரண்டு ஊருக்கும் அனுப்பினேன். பழைய தாளைக் கிழித்துப் போட்டிருக்கலாம். ஏனோ இன்னும் இழுப்பறையில்தான் இருக்கிறது.

மார்ச் 16

ராஜினாமா மூன்று. எல்லாம் ஈரோடு.

மார்ச் 20

இன்னும் நான்கு. மாரியம்மன் கோயிலில் கம்பம் நட்டுத் திருவிழா தொடங்கியாயிற்று, வழக்கமாக இந்த நேரத்தில் நர்சுகள் லீவு கேட்பார்கள், சண்டை போட்டுக் குறைப்போம். இந்த வருஷம் யாரும் லீவே கேட்கவில்லை. நேராக ராஜினாமாக் கடிதம்தான்.

போகிறவர்களிடம் காரணம் கேட்டு ஒரு படிவம் நிரப்ப வேண்டும். ஜோஸ்பின் பதினான்கு வருஷமாக இருக்கிறவள், என்னோடு கொரோனா வார்டில் நின்றவள். உட்கார்ந்து நானே நிரப்பினேன். என்ன காரணம் என்றேன்.

"நிரோஷாவுக்கே அந்தக் கதின்னா, நாங்கெல்லாம் எம்மாத்திரமுங்க மேடம்?"

படிவத்தில் ஐந்து காரணங்கள்தான் இருக்கின்றன. சம்பளம் என்பதில் டிக் செய்தேன்.

மார்ச் 27

மொத்தம் பதினொன்று. தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு ஷிஃப்டுக்கு ஏஜென்சி ஆட்கள். ஒருத்திக்கு ஆக்ஸிஜன் வால்வு எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியவில்லை.

டாக்டர் சென்னியப்பன் வாரம் இரண்டு நாள் இன்னும் நோயாளிகளைப் பார்க்கிறார். காரிடாரில் நிறுத்தினார்.

"ஏம்மா கோகிலம், நம்ம புள்ளைங்க இத்தனை பேரு போறாங்களாமே?"

"சம்பளம்தானுங்க சார். வெளியில அதிகமாத் தர்றாங்க."

"நான் இருந்தப்பவும் வெளியில அதிகமாத்தாம்மா குடுத்தாங்க."

மெதுவாக லிஃப்டுக்கு நடந்தார். எனக்கு இப்போதெல்லாம் யாராவது மெதுவாகப் பேசினால் கோபம் வருகிறது. கத்திவிட்டால் பரவாயில்லை.

ஏப்ரல் 2

மதியம் மூன்றுக்கு ஒரு போன். திருப்பூரில் ஒரு மருத்துவமனையின் மனிதவளப் பிரிவு, பெண் குரல். வயது இருபத்து மூன்று, நாலு இருக்கும். நிரோஷா அங்கே விண்ணப்பித்திருக்கிறாள். சரிபார்ப்புக்காக இந்தப் பெண் கூப்பிட்டிருக்கிறாள்.

எத்தனை வருஷம் வேலை பார்த்தார், எந்தப் பிரிவு, நேரத்துக்கு வருவாரா. சொன்னேன். பிறகு அவள் கேட்டாள்: "போன காரணம் என்னங்க மேடம்?"

சொந்தக் காரணம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஸ்ரீவத்சன் அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தார். ஆனால், "தப்பு அவ மேல இல்லம்மா, என் மேல" என்று வந்துவிட்டது. ஒரு மாதமாக யாரிடமும் சொல்லாததை முகம் தெரியாத பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். சுற்றறிக்கை, இழுப்பறை, 28ஆம் தேதி, எல்லாம். அந்தப் பக்கம் கீபோர்டு சத்தம் நின்றுபோயிருந்தது.

"மேடம், ஒரு நிமிஷம்" என்றாள் கடைசியில். "அவங்க அப்ளிகேஷன்ல வேற மாதிரி எழுதியிருக்காங்க. 'மருந்து கொடுத்ததில் தவறு செய்துவிட்டேன், அதனால் விலகினேன்'னு இருக்கு. எங்க சார் அதைப் பார்த்துட்டுத்தான் வேண்டாம்னாரு. நான்தான் எதுக்கும் கேட்டுப் பாக்கலாம்னு கூப்பிட்டேன். இப்ப ரெண்டு பேர் சொல்றதும் ஒத்துப்போகலைங்களே. எதைப் போடட்டுங்க?"

"நான் சொல்றதைப் போடு."

"வாய்ல சொன்னா எடுத்துக்க மாட்டாங்க மேடம். உங்க லெட்டர்ஹெட்ல எழுதி அனுப்புவீங்களா? நாளைக்கு மதியத்துக்குள்ள. அதுக்கு மேலன்னா ஃபைலை மூடிருவாங்க."

அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன். வைத்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று புரிந்தது. விண்ணப்பத்தில் அப்படி எழுதியிருக்க வேண்டிய கட்டாயம் அவளுக்கு இல்லை. சொந்தக் காரணம் என்று போட்டிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது யார் என்று யோசித்தால், சொல்லிக் கொடுத்தவள் நான்தான். முதல் வருஷப் பயிற்சியில் அதுதான் என் முதல் பாடம்.

இரவுக்கு ரசம் வைத்தேன். உப்பு போட மறந்துவிட்டேன். இவர் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்தார்.

ஏப்ரல் 3

காலை ஒன்பதரைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். நானே தட்டச்சு செய்தேன், ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கடிதம் ஐந்து வரிதான்.

"பிப்ரவரி 24 அன்று திருமதி நிரோஷா செயல்பட்டது, பிப்ரவரி 14 தேதியிட்டு நான் தயாரித்து, அவரையே தட்டச்சு செய்ய வைத்த சுற்றறிக்கையின்படிதான். சேலத்தின் ஒப்புதல் முந்தைய நாளே வந்துவிட்டது. பாராட்டுப் பெறுவதற்காக அதை வெளியிடாமல் பத்து நாள் என் இழுப்பறையில் வைத்திருந்தேன், அது அவருக்குத் தெரியாது. விசாரணையில் கேட்டபோது தயாரிப்பில் இருக்கிறது என்று பொய் சொன்னேன். நோயாளியின் உயிரைக் காப்பாற்றியது அவர் கொடுத்த அட்ரினலின்."

மூன்றாவது வரியில் 'நிர்வாகக் காரணங்களால்' என்றுதான் முதலில் அடித்தேன். அழித்துவிட்டுப் 'பாராட்டுப் பெறுவதற்காக' என்று போட இருபது நிமிடம் ஆயிற்று.

பழைய தாளை ஸ்கேன் செய்து இணைத்தேன். பதினொன்று பத்துக்குத் திருப்பூருக்கு அனுப்பினேன். நகல் தலைவருக்கு, ஸ்ரீவத்சனுக்கு, ஷைலஜாவுக்கு, டாக்டர் சென்னியப்பனுக்கு. பதினொன்று பதினெட்டுக்கு ஸ்ரீவத்சன் கூப்பிட்டார். மறுபடியும் கூப்பிட்டார். ஷைலஜா கூப்பிட்டாள். எதையும் எடுக்கவில்லை. தலைவரின் அலுவலகத்திலிருந்து, மாலைக்குள் சேலத்துக்கு வரும்படி செய்தி. வேலை போய்விடும் என்று நினைக்கிறேன். பயமாக இருக்கிறது. அதைவிட வெட்கமாக இருக்கிறது.

பன்னிரண்டு மணிக்குத் திருப்பூர்ப் பெண்ணிடமிருந்து ஒரு வரிப் பதில்: "கிடைத்தது மேடம். சாரிடம் கொடுத்துவிட்டேன்."

அதற்குப் பிறகு நிரோஷாவைக் கூப்பிட்டேன். முழுவதும் மணி அடித்து நின்றது. டியூட்டியில் இருப்பாள் என்று நினைத்துக்கொள்ளவும் வழியில்லை, அவளுக்கு டியூட்டி இல்லாமல் செய்தவள் நான். பத்து நிமிடம் கழித்து மறுபடி கூப்பிட்டேன். இந்த முறை இரண்டாவது மணியிலேயே துண்டித்துவிட்டாள்.